வியாழக்கிழமை யாருடையது

எனக்குச் சம்பளம் தருகிற எழுத்தில் கவிதை கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில், கீழ்த்தளத்தில் பவர் பிரஸ்கள் நாள் முழுக்க இரும்புத் தகட்டைக் குத்திக்கொண்டிருக்கும். மூன்றாவது மாடியில் என் மேசை அதற்கேற்ப மெல்ல நடுங்கும். அங்கே உட்கார்ந்து, "பச்சைப் பொத்தானை அழுத்தவும், பின் காத்திருக்கவும்" என்று எழுதுவேன். எங்கள் கம்பெனி கல்யாண மண்டபங்களுக்கு மென்பொருள் செய்து தருகிறது. எந்தத் தேதி காலி, எது யாருக்கு, பந்திக்கு எத்தனை இலை, ஜெனரேட்டர் வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அதற்குள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கம் மட்டும் என்னுடையது.

ரொம்ப காலம் என் வாசகர்கள் மண்டப மேனேஜர்கள். அவர்கள் படிக்க மாட்டார்கள். போன் பண்ணி, அதெல்லாம் இருக்கட்டும் நீங்களே சொல்லுங்க என்பார்கள். யாரும் படிக்காததை எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. கவிதை எழுதி எனக்கு அது நன்றாகப் பழகியிருந்தது.

இப்போது படிக்க ஒன்று வந்துவிட்டது. ஏஐ ஏஜென்ட் என்கிறார்கள். மண்டபத்து வாட்ஸ்அப்பில் யாராவது "ஆவணியில தேதி இருக்கா" என்று கேட்டால், மேனேஜர் மதியத் தூக்கத்திலிருந்து எழ வேண்டியதில்லை. ஏஜென்ட் கேள்வியைப் படிக்கும். அதன் கையில் கொடுத்திருக்கிற கருவிகளில் எது வேண்டும் என்று அதுவே யோசித்து எடுக்கும். தேதியைப் பார்க்க ஒரு கருவி, பதிவு செய்ய ஒன்று, முன்பணத்துக்கு லிங்க் அனுப்ப ஒன்று. எந்தக் கருவி எதற்கு என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் எழுதி வைத்த நாலு வரியைப் படித்துத்தான். ஒவ்வொரு எழுத்தையும் படிக்கும். அடுத்த ஆள் கேட்டால் மறுபடி முதலிலிருந்து படிக்கும். இப்படி ஒரு வாசகர் எனக்கு வாய்த்ததே இல்லை.

எங்கள் இன்ஜினியர் எனக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். இந்தக் கருவி எதற்கு, எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது, என்ன கொடுத்தால் என்ன திரும்ப வரும், இவ்வளவும் எழுத வேண்டும் என்றார். கடைசியில், "புதுசா சேர்ந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க மேடம். ஆனா அந்த ஆள் நம்ம ஊரே கிடையாதுன்னு வெச்சுக்கோங்க" என்றார்.

நம்ம ஊரே கிடையாது. அப்புறம் எந்த ஊர்? சாயங்கால ரயிலில் திருநின்றவூர் திரும்பும்போதெல்லாம் இதுதான் ஓடும். திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி. ஆவடியில் பெட்டி பாதி காலியாகும், ஜன்னல் கிடைக்கும். வெளியே பார்த்தபடி மனதுக்குள் எழுதுவேன்: ரயில் என்பது என்ன. எப்போது ஏற வேண்டும். ஏறக் கூடாதது எப்போது. ஏற வழியில்லாத வண்டியில் ஏன் எல்லோரும் ஏறிவிடுகிறார்கள். இதை எழுதி முடிக்க முடியுமா? எழுத எழுத, தெரிந்தது என்று நினைத்ததெல்லாம் கைநழுவிப் போயிற்று. எவ்வளவு சொன்னால் போதும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கவிதையில் பாதியைச் சொல்லாமல் விடுவேன், மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார். இந்த வாசகர் எதையும் பார்த்துக்கொள்ளாது, அல்லது நான் நினைக்காததைப் பார்த்துக்கொள்ளும். இரண்டில் எது என்றும் தெரியவில்லை.

கருவிகளில் ஒன்றுக்கு 'தேதி விடுவி' என்று பெயர். ஒரு குடும்பம் தேதியைச் சொல்லி வைத்துவிட்டுப் போய்விடும், முன்பணம் கட்டாது. அந்தத் தேதியை எவ்வளவு நாள் வைத்திருப்பது, எப்போது அடுத்தவருக்குக் கொடுப்பது? அதைக் கேட்கக் காட்டுப்பாக்கத்தில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். மாசி மாதம். பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்களின் நிழல் மண்டபத்து வாசல் வரை விழுந்திருந்தது. மேனேஜர் பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணி அடுக்க வைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். அவருக்கு உலகத்தில் எல்லோரும் அக்கா.

ரெண்டு வாரம் பார்ப்பாராம். அட்வான்ஸ் வரவில்லை என்றால் விட்டுவிடுவாராம்.

"எப்பவுமேவா?" என்று கேட்டேன்.

"எப்பவுமே தான்க்கா. மண்டபத்த இன்னா ஊறுகா போட்டா வெச்சுக்க முடியும்?"

எழுதிக்கொண்டேன். "பிடித்து வைத்த தேதிக்கு இரண்டு வாரத்துக்குள் முன்பணம் வராவிட்டால், வேறு குடும்பம் அதைக் கேட்கும்போது, இந்தக் கருவியைக் கொண்டு அதை விடுவிக்கலாம்." தெளிவான வாக்கியம். இன்ஜினியர் படித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். மாசியில் உட்கார்ந்திருந்த எங்கள் மூவரில் ஒருவருக்கும் ஆடி ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த வெயிலில் எப்படி வரும்?

ஆனி கடைசியில் என் தங்கை மகளுக்கு வரன் முடிந்தது. தங்கை ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீடு பூந்தமல்லிப் பக்கம். ஆவணியில் ஒரு வியாழக்கிழமையை முகூர்த்தமாகக் குறித்தார்கள். மண்டபம் நான் சொன்னதுதான், காட்டுப்பாக்கத்து மண்டபம். நானே கூட்டிப் போனேன். மேனேஜர், "அந்த வெசாயன் உங்குளுது, போங்க" என்று சொல்லி, எங்கள் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரில் தேதியைப் பிடித்து வைத்தார். ஆடி பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது. ஆவணி ஒன்றாம் தேதி வந்து அட்வான்ஸ் தருகிறோம் என்றாள் தங்கை. அவர் தலையாட்டினார். ஆடியில் யார் கல்யாணத்துக்கு முதல் பணம் கொடுப்பார்கள்? இந்தப் பக்கத்தில் யாரும் கொடுக்க மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். இதைப் பற்றி நாங்கள் மூவரும் ஒரு வார்த்தை கூடப் பேசிக்கொள்ளவில்லை. பேச என்ன இருக்கிறது?

ஆடி பாதியில், அலுவலகத்தில் ஏஜென்ட்டின் பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அது ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தது என்று எழுதி வைக்கும். என் விளக்கங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வாரம் ஒருமுறை அதைப் படிப்பது என் வழக்கம். மழை வருவது போல் இருட்டிக்கொண்டிருந்தது. ஒரு வரியில் கண் நின்றது. "ஆவணி, வியாழக்கிழமை. பிடித்தவர்: ஆவடி. இரண்டு வாரம் கடந்தும் முன்பணம் இல்லை. வேறு குடும்பம் இதே நாளைக் கேட்கிறது. விளக்கத்தின்படி விடுவிக்கலாம். விடுவித்தேன். புதிய குடும்பத்துக்குப் பதிவு செய்தேன். முன்பணம் வந்தது."

திரும்பத் திரும்பப் படித்தேன். என் வாக்கியம் அது. இவ்வளவு கவனமாக, ஒரு சொல் பிசகாமல், என்னை யாரும் படித்ததில்லை. தங்கை மகளின் கல்யாணம் அந்தக் கவனத்தில் காணாமல் போயிருந்தது.

இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"அது சரியாத்தானே பண்ணிருக்கு மேடம்."

"இது ஆடி."

அவர் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, தன் கல்யாணத்துக்கும் மண்டபத்துக்கு ஆவணியில்தான் பணம் கட்டினோம் என்றார். தெரிந்திருக்கிறது. அவருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கும், மேனேஜருக்கும். தெரிந்த மூன்று பேர் சேர்ந்து எழுதிய விளக்கத்தில் அது இல்லை. எழுதாமல் விட்டது யார் என்று கேட்டால், எழுத வேண்டியிருந்தது என்றே எங்களில் யாருக்கும் தோன்றவில்லையே, அதற்கு என்ன பெயர்?

ஆடியில் விடுபட்ட வேறு சில தேதிகளும் இருந்தன. அவற்றைக் கேட்டவர்கள் பணம் கட்டாமல் போயிருந்ததால், அவர் அங்கேயே திரும்பப் பிடித்து வைத்தார். வியாழன் மட்டும் போயிருந்தது. அதையும் உள்ளே புகுந்து மாற்றிவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றார். அவர் விரல் விசைப்பலகை மேல் நின்றது. என் தங்கைக்காகத்தான் கேட்கிறார். என் வாயிலிருந்து ஒரு சரி வந்தால் போதும். அந்தப் பக்கத்தில் ஒரு பெண், ஒரு அப்பா, கட்டிய பணம், அச்சடிக்கக் கொடுத்த பத்திரிகை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வானகரம் வழியாக இரண்டு பஸ் மாறி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மேனேஜர் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். டீயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா சொல்ற. ஆடில எவன் வுடுவான் தேதிய?"

"நீங்கதான் எப்பவுமேன்னு சொன்னீங்க."

"எப்பவுமேன்னா எப்பவுமேவா?"

அவர் மிஷினைத் திட்டினார், பிறகு என்னை, பிறகு மிஷினை வாங்கிப் போட்ட முதலாளியை, மெதுவாக, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு. அந்த ஆவணியின் முகூர்த்த நாட்களில் இந்தச் சாலையில் வேறு மண்டபம் காலியில்லை என்பதையும் சொன்னார். முகூர்த்தத்தை மாற்றுவது பற்றித் தங்கையிடம் யார் போய்ப் பேசுவது?

புதிய குடும்பத்துக்கு அவரே போன் போட்டார். பட்டாபிராமிலிருந்து ஒரு அப்பா. கிறிஸ்தவக் குடும்பம், அவர்களுக்கு ஆடி ஒரு மாதம், அவ்வளவுதான். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. சர்ச்சில் கல்யாணம் நாலு மணிக்காம், மண்டபத்தில் வரவேற்பு ஏழு மணிக்காம். வியாழக்கிழமைதான் என்று ஏஜென்ட்டிடம் தெளிவாகச் சொன்னோமே, ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார்.

மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகம் மாறியிருந்தது.

"அட, அது வெள்ளிக்கெயமைக்கா."

"வியாழன்னுதானே சொல்றார்."

"சாயங்காலம் வந்தா வெள்ளிக்கெயமை வாடகை. மூணுலேந்து மூணு. நீ கல்யாணத்துக்கே போனதில்லியா?"

போயிருக்கிறேன். எத்தனையோ. முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்குச் சாவி வாங்கி, அன்று மாலை வரவேற்பு வைத்து, மறுநாள் காலை தாலி கட்டி, சாப்பாடு முடித்து, மூன்று மணிக்குக் காலி செய்து கொடுப்பார்கள். அதுதான் மண்டபத்துக்கு ஒரு நாள். வியாழன் என்றால் புதன் மத்தியானத்தில் தொடங்கி வியாழன் மத்தியானத்தில் முடிகிற வியாழன். அதற்குப் பிறகு வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் வெள்ளியைச் சேர்ந்தது. அந்த வெள்ளியில் முகூர்த்தம் இல்லை. யாரும் கேட்காமல் காலியாகக் கிடந்தது.

நான் அந்தக் கருவிக்கு எழுதியிருந்தது: "தேதி: மண்டபம் தேவைப்படும் நாள்."

ஆக, ஏஜென்ட் வியாழனை விடுவித்திருக்கவே தேவையில்லை. என்னென்ன தெரியாததால் தேதி போனது என்று யோசித்தபடி நின்றேன். ஆடி தெரியாததால் விடுவித்தது, மூணுக்கு மூணு தெரியாததால் வியாழனில் போட்டது. இரண்டும் ஒன்றையொன்று தின்று, இரண்டு கல்யாணத்துக்கும் இடம் இருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏதோ தப்பான பஸ்ஸில் ஏறி வீட்டு வாசலிலேயே இறங்கியது போல இருந்தது.

மேனேஜர் அவர்கள் பதிவை வெள்ளிக்கு மாற்றி, வியாழனில் தங்கையின் பழைய பதிவைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. பட்டாபிராம் அப்பா மேடைப் பூ வேலைக்கு மத்தியானமே ஆள் விட வேண்டும் என்றார். மேனேஜர் இரண்டு மணிக்குப் பக்கவாசலைத் திறந்து விடுவதாகச் சொல்லி, என்னைப் பார்த்தார். நான் தங்கையைக் கேட்காமலே தலையாட்டினேன்.

அடுத்த சில நாட்கள் அந்த நாலு வரியோடு மல்லுக்கட்டினேன். மூணுக்கு மூணு சுலபமாக எழுத வந்தது. ஆடிதான் வரவில்லை. "ஆடி மாதத்தில் தேதியை விடுவிக்கக் கூடாது" என்று எழுதினேன். சோதித்துப் பார்த்தோம். எங்களுக்கு மண்டபமே வேண்டாம் என்று குடும்பமே சொன்னால் கூட, ஆடி என்று சொல்லி ஏஜென்ட் விடுவிக்க மறுத்தது. சரி, காரணத்தையும் எழுதுவோம் என்றார் இன்ஜினியர். காரணம் தெரிந்தால் அது யோசிக்கும். எழுதினேன்: இந்த மாதத்தில் நல்ல காரியத்துக்குப் பணம் கொடுத்துத் தொடங்க மாட்டார்கள், கொடுக்காததால் வேண்டாம் என்று ஆகாது. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் சிலர் கொடுப்பார்கள். எல்லோரும் அல்ல. எந்தச் சிலர்? என் தங்கை கொடுப்பாளா? போன் போட்டு, பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடேன் என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன். நகை வாங்கலாம், மண்டபத்துக்குக் கொடுக்கத் தன் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள். ஏன் நகை ஆகும், மண்டபம் ஆகாது? அது அப்படித்தான் என்றாள். இதை நான் எந்த வரியில் எழுதுவது?

கடைசியில் எழுதினேன்: "விடுவித்த தேதியைத் திரும்பப் பெறுவது கடினம். சந்தேகம் இருந்தால், விடுவிக்கும் முன் கேட்கவும்." இன்ஜினியருக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்திருந்தது. அதை மண்டபத்து ஏஜென்ட்டில் ஏற்றினோம்.

யாரைக் கேட்கவும் என்று எழுதவில்லை.

மறுநாள் காலை, பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது தங்கையின் போன். அழுகிறாளா கோபமா என்று முதலில் புரியவில்லை. மண்டபத்திலிருந்து அவளுக்கு வாட்ஸ்அப் வந்திருந்தது. வேறொரு குடும்பம் விசாரிக்கிறது, ஆவணி வியாழக்கிழமைத் தேதி உங்களுக்கு இன்னும் தேவைப்படுகிறதா, திருமணம் உறுதியா என்று மரியாதையாகக் கேட்டிருந்தது. ஆடி வெள்ளிக்கிழமை காலையில், விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனை எடுத்தவளிடம்.

"கல்யாணம் உறுதியான்னு கேக்கறான்க்கா. யாரு அவன்? எவன் சொல்லி கேக்கறான்? அந்த மண்டபமே எனக்கு வேணாம்."

பிளாட்பாரத்தில் நின்றபடி, அது ஆள் இல்லை, ஏஜென்ட் என்றேன். எந்த ஏஜென்ட், கல்யாணத் தரகரா என்றாள். கம்ப்யூட்டர்டி என்றேன். மாப்பிள்ளை வீட்டில் ஏதோ சொல்லித்தான் கம்ப்யூட்டர் கேட்கிறது என்று ஒரே பிடியாக நின்றாள். சம்பந்தி வீட்டுக்கு இப்போதே போன் பண்ணிக் கேட்கப் போகிறேன் என்றாள். அவள் அப்படிக் கேட்டால், இல்லாத சந்தேகம் அங்கே பிறந்துவிடும். கேட்காதே என்று நான் சொல்லச் சொல்ல, அவளுக்குப் பயம் கூடியது. இதை எழுதியவளே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது இன்னும் எங்கே கொண்டுபோய் விடுமோ தெரியவில்லை. பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அது ரோபோம்மா. அதுக்கு ஆடி தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்குடி வாயத் தொறக்குது?"

போன் மகள் கைக்குப் போயிற்று. பெரிம்மா, நான் பாத்துக்கறேன், அவர்ட்ட நானே பேசிட்டேன், அவங்க வீட்ல யாரும் எதுவும் சொல்லல என்றாள். அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தது எங்களுக்கெல்லாம் எப்படித் தெரியாமல் போயிற்று என்பது தனிக் கதை. அன்று அது நல்லதாகப் போயிற்று.

விளக்கத்தை மறுபடி மாற்றினேன். குடும்பத்தைக் கேட்க வேண்டாம், மேனேஜரைக் கேட்கவும். அன்று மாலையே அவர் போன் பண்ணினார். "எல்லாத்துக்கும் என்னியே கேட்டுகினு கீதுக்கா. அப்புறம் அது எதுக்கு?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆவணி ஒன்றாம் தேதி தங்கை போய் அட்வான்ஸ் கொடுத்தாள். அவளோடு மாமியாரும் நானும் போனோம். ரசீதில் வியாழன் என்றிருந்தது. எந்த வியாழன் என்று நான் மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது எல்லோரும் போல அட்சதை போட்டேன். ஒரு மணியிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு, கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கவாசல் திறந்தது. வெள்ளை ரோஜாக்கள் உள்ளே வந்தன, கூடை கூடையாக. வாழை இலைகளுக்கு நடுவே அந்த வெள்ளை நகர்ந்து மேடைப் பக்கம் போனது. பின்னால் ஒரு மனிதர், தயங்கித் தயங்கி, சட்டைப் பையில் மடித்த காகிதத்தோடு. பட்டாபிராம் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

"மூணு மணி வரைக்கும் நம்மளுதுதானே. யாருக்கா இவங்க?" என்றாள் தங்கை.

சொல்ல ஆரம்பித்தேன். ஆடி, பிறகு மாசி, மூணுக்கு மூணு, நான் எழுதிய நாலு வரி, அதை அது படித்த விதம். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் நடுவிலிருந்து தொடங்கி, இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்கே புரியாமல் போயிற்று. அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு அந்த மனிதரிடம் போய்ச் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அவர் இல்லை சிஸ்டர், பொண்ணு கல்யாணம், சாயங்காலம்தான் என்றார். பொண்ணு கல்யாணம்னா சாப்பிடக் கூடாதா என்று சொல்லி, பந்தி ஓரத்தில் அவரை உட்கார வைத்து, அவளே ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.